சுவரில் பதித்த ரயில் பாதை

யார்க் ரயில் நிலையத்தின் சுவரில் ஒரு வரைபடம் இருக்கிறது. அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டியது அல்ல. எட்டு அங்குலச் சதுர டைல்ஸ்களாகச் சூளையில் சுட்டெடுத்துச் சுவரோடு சுவராகப் பதித்தது. வெளிறிய பரப்பில் கறுப்புக் கோடுகள், கோடுகளின் மேல் ஊர்ப் பெயர்கள், வலது ஓரம் முழுக்க வடகடல். தெற்கே ஹம்பர் முகத்துவாரம், வடக்கே ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய பெரிக், மேற்கே கார்லைல். இதற்குள் அடங்கும் நிலப்பரப்பில் ஓடிய அத்தனை ரயிலும் ஏறத்தாழ ஒரே கம்பெனியுடையவை. நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே என்ற அந்தக் கம்பெனி 1854இல் பல சிறு கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து பிறந்தது. 1923இல் இன்னும் பெரிய ஒன்றில் கரைந்து மறைந்தது. அது மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. அது பதித்த படம் மட்டும் நேற்றுத் துடைத்ததுபோல் பளிச்சென்று இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இந்தப் படங்களைச் செய்து கொடுத்தது கிரேவன் டன்னில் என்ற டைல்ஸ் தொழிற்சாலை. ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், செவர்ன் ஆற்றங்கரையில், ஜாக்ஃபீல்ட் என்ற ஊரில் இருந்தது. நிலக்கரி இஞ்சின் ஓடிய காலத்தில் நிலையத்தில் எதை மாட்டினாலும் சில மாதங்களில் புகை படிந்து கறுத்துவிடும். டைல்ஸை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். இந்த எளிய காரணத்தால்தான் கம்பெனி தன் முக்கிய நிலையங்களில் எல்லாம் இதைப் பதித்தது. இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய நிலையங்களில் மட்டும் அசல் படம் அதே இடத்தில் மிஞ்சியிருக்கிறது. யார்க், ஸ்கார்பரோ, விட்பி, மிடில்ஸ்பரோ, சால்ட்பர்ன், டைன்மவுத் ஆகியவை அவற்றில் சில. இந்தப் பெயர்களை வரிசையாகக் கோத்துப் பார்த்தால், யார்க்கில் தொடங்கி கடலோரமாக வடக்கே ஏறி நியூகாசலில் போய் முடியும் ஒரு பயணம் தானாகவே கிடைத்துவிடுகிறது. ஓர் இலையுதிர் காலத்தில் நான் அதைத்தான் செய்தேன்.

இங்கிலாந்துக்குப் போகும் நம்மவர்கள் ரயில் நிலையம் பார்ப்பதென்றால் லண்டனில் கிங்ஸ் கிராஸையும் செயின்ட் பாங்க்ரஸையும் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியவைதான். 1868இல் 240 அடி அகலத்தை நடுவில் ஒரு தூணுமில்லாமல் தாண்டிய செயின்ட் பாங்க்ரஸின் இரும்பு வளைவுக்குக் கீழே நின்றால் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்க்கத் தோன்றும். ஆனால் அவை தனித்தனி வெற்றிகள். ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒரே கம்பெனி எழுபது ஆண்டுகள் நிலையம் கட்டினால், அவற்றுக்குள் ஒரே வீட்டுப் பிள்ளைகளிடம் தெரியும் ஜாடை வந்துவிடும். அந்த ஜாடையைக் காண வடக்கேதான் போக வேண்டும். கிங்ஸ் கிராஸிலிருந்து விரைவு ரயிலில் யார்க் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது.

யார்க் நிலையம் வளைந்திருக்கிறது. கட்டடம் மட்டுமல்ல, நடைமேடை, தண்டவாளம், கூரை எல்லாமே ஒரே வளைவில் திரும்புகின்றன. 800 அடி நீளமும் 234 அடி அகலமும் கொண்ட கூரை. அதைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தூண்கள். தூண்களின் தோள்களில் கம்பெனியின் சின்னமும் யார்க்கின் வெள்ளை ரோஜாவும். 1877இல் திறந்தபோது இதைவிடப் பெரிய நிலையம் பிரிட்டனில் இல்லை. நடைமேடையின் ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை தெரியாது. தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகி, கூரையின் விலாக்கள் திரும்பித் திரும்பிப் போய்க் கண்ணுக்கு எட்டாமல் மறைகின்றன. நான் பார்த்த ரயில் கூடங்களில் இதைவிட அழகானது வேறில்லை. லண்டன் நிலையங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்த வளைவு அலங்காரத்துக்காக வந்ததல்ல. 1841இல் கட்டிய முதல் நிலையம் நகரத்தின் கோட்டை மதிலுக்கு உள்ளே இருந்தது. அதற்காக இடைக்கால மதிலையே உடைத்து வழிவிட்டார்கள். உள்ளே போன ரயில் நேராக வெளியேற முடியாது. வந்த வழியே பின்னோக்கித்தான் வர வேண்டும். லண்டனிலிருந்து எடின்பரோ போகும் ரயிலும் அப்படித்தான் தடுமாறியது. ஆகவே மதிலுக்கு வெளியே, மதிலை ஒட்டியே, தெற்கிலிருந்து வந்து வடக்கே திரும்பும் பாதையின் மேல் புது நிலையத்தைக் கட்டினார்கள். பாதை வளைந்தது, கூரையும் வளைந்தது. வரைந்தவர் கம்பெனியின் கட்டடக் கலைஞர் தாமஸ் ப்ராசர். அவர் ஓய்வு பெற்றபின் மற்றவர்கள் முடித்தார்கள்.

மதிலுக்குள் இருந்த பழைய நிலையத்தை வரைந்தவர் ஜி. டி. ஆண்ட்ரூஸ். அவருக்கு வேலை கொடுத்தவர் ஜார்ஜ் ஹட்சன். யார்க்கில் துணிக்கடை வைத்திருந்த ஹட்சன், ரயில் பங்குகளில் இறங்கி, நாட்டின் கால்வாசிக்கும் மேற்பட்ட ரயில் பாதைகளை ஆட்டிவைக்கும் நிலைக்கு உயர்ந்தவர். மூன்று முறை யார்க்கின் மேயர். ஊர் அவரை ரயில் ராஜா என்றது. 1849இல் அவருடைய கணக்குகளை ஆராய்ந்தபோது, பங்குதாரர்களுக்கு முதலையே எடுத்து லாபமாகப் பங்கிட்டதும் வேறு தில்லுமுல்லுகளும் வெளிவந்தன. ஒரே ஆண்டில் எல்லாம் சரிந்தது. அவர் பெயரிலிருந்த தெருவுக்கு யார்க் நகரம் ரயில்வே தெரு என்று பெயர் மாற்றியது. 1971இல்தான் ஜார்ஜ் ஹட்சன் தெரு என்ற பெயர் திரும்பியது. அவரை வீழ்த்துவதில் முன்னின்ற ஜார்ஜ் லீமனின் சிலை நிலையத்துக்கு அருகிலேயே நிற்கிறது. ஹட்சனோடு ஆண்ட்ரூஸுக்கு வந்த வேலைகளும் நின்றுபோயின. 1855இல் அவர் இறந்தார். இந்தப் பயணம் நெடுக நான் பார்த்த பல நிலையங்கள் அந்தப் பத்தே ஆண்டுக் கூட்டாளித்தனத்தில் முளைத்தவை. ஏமாற்றுக் கணக்கு எழுதிய ஒருவரின் அவசரத்தில் இத்தனை நேர்த்தியான கட்டடங்கள் பிறந்திருப்பது இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

நிலையத்தைவிட்டு வெளியே வந்து மதிலோரமாகச் சற்று நடந்தால் லட்யன்ஸ் வடிவமைத்த போர் நினைவுச் சின்னம். புது டில்லியைத் திட்டமிட்ட அதே லட்யன்ஸ். முதல் உலகப் போரில் இறந்த இந்த ஒரு ரயில் கம்பெனியின் ஊழியர்கள் 2,236 பேரின் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. போர்ட்டர்கள், ஃபயர்மேன்கள், கிளார்க்குகள், தண்டவாளம் பார்த்த கேங்மேன்கள். அடுத்த போர் நிலையத்தையே தேடி வந்தது. 1942 ஏப்ரல் 29 அதிகாலையில் ஜெர்மன் குண்டுகள் கூரைமேல் விழுந்தன. நிலையம் எரிந்துகொண்டிருக்கும்போதே ஊழியர்கள் தீப்பிடிக்காத பெட்டிகளை இழுத்து அப்புறப்படுத்தினார்கள். பிறகு கூரையைச் செப்பனிட்டபோது வேறு வடிவம் யோசிக்கவில்லை. அதே வளைவைத்தான் தொடர்ந்தார்கள்.

யார்க்கிலிருந்து ஸ்கார்பரோ 42 மைல். 1845இல் ஹட்சன் போட்ட பாதை. டெர்வென்ட் ஆறு திரும்பும் இடமெல்லாம் ரயிலும் திரும்புகிறது. கிர்க்கம் என்ற இடத்தில் பாழடைந்த மடாலயத்தின் வாயில் ஆற்றுக்கு அப்பால் தெரிகிறது. ஸ்கார்பரோ ஆண்ட்ரூஸின் நிலையம். அதன்மேல் கடிகாரக் கோபுரம் 1884இல் ஏற்றியது. உள்ளே போனதும் கண்ணில் படுவது ஒரு மர பெஞ்சு. சுவரோரமாக ஓடுகிறது, ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. 139 மீட்டர். உலகிலேயே நீளமான ரயில் நிலைய இருக்கை இதுதான் என்கிறார்கள். லீட்ஸிலும் ஹல்லிலும் ஆலைகளில் உழைத்தவர்கள் கோடை விடுமுறை நாளில் ஆயிரக்கணக்கில் கடற்கரைக்கு வந்து, மாலையில் மணல் ஒட்டிய காலோடு, தூங்கி விழும் குழந்தைகளோடு, திரும்பும் ரயிலுக்குக் காத்திருந்த இடம் இது. நான் போன நாளில் அந்த நீளமெல்லாம் வெறுமையாக இருந்தது. ஒரு முனையில் உட்கார்ந்து, வாங்கி வந்த சாண்ட்விச்சைச் சாப்பிட்டேன். ஏழைகளின் விடுமுறைக்காக ஒரு ரயில் கம்பெனி இவ்வளவு நீளமாக யோசித்திருக்கிறது என்பதே எனக்குப் போதுமான காட்சியாக இருந்தது.

ஸ்கார்பரோவில் இருக்கும் டைல்ஸ் படத்தில், அங்கிருந்து கடலோரமாக ராபின் ஹூட்ஸ் பே வழியே விட்பிக்கு ஒரு கோடு போகிறது. அந்தக் கோட்டில் இன்று ரயில் இல்லை. 1963இல் பீச்சிங் என்பவர் தந்த அறிக்கை, லாபமில்லாத பாதைகளை எல்லாம் மூடச் சொன்னது. 1885இல் திறந்த இந்தப் பாதையை 1965 மார்ச்சில் மூடினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்த தடம் இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஆனது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லிக்குப் பதிலாகக் கரிக்கசடு கொட்டியிருந்ததால் சிண்டர் டிராக் என்று பெயர். நான் பேருந்தில் போனேன். மூர் எனப்படும் மேட்டுநிலம் வழியாகப் போகும் சாலை. பூத்து முடிந்து பழுப்பேறிய ஹெதர் புதர்கள், செம்மறி ஆடுகள், வலப்பக்கம் அவ்வப்போது கடல். விட்பி நெருங்கும்போது எஸ்க் ஆற்றின் மேல் பதின்மூன்று வளைவுகளோடு லார்பூல் பாலம் நிற்கிறது. ஐம்பது லட்சம் செங்கல். ஒரு வளைவுகூட உதிரவில்லை. ரயில் மட்டும் இல்லை. இந்தப் பாதையை மூடியது பெரும் தவறு என்பதே என் முடிவு. கோடை நாளில் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே சாலையில் நிற்கும் வண்டிகளைப் பார்த்த யாரும் மறுக்கமாட்டார்கள்.

விட்பியும் ஆண்ட்ரூஸுடையதுதான், 1847. முகப்பின் கல் வளைவுகளை ஸ்கார்பரோவிலிருந்து வருகிறவர் உடனே அடையாளம் கண்டுகொள்வார். உள்ளிருந்த கூரை போய்விட்டது. சுவரில் டைல்ஸ் படம் இருக்கிறது. அதன் முன்னால் நின்று எண்ணினேன்: விட்பியிலிருந்து நான்கு திசையில் ரயில் கிளம்பியிருக்கிறது. தெற்கே ஸ்கார்பரோ. வடக்கே, கடற்பாறைகளின் விளிம்பில் உயர்ந்த இரும்புப் பாலங்களைத் தாண்டி லாஃப்டஸ். அது 1958இலேயே போயிற்று. க்ராஸ்மான்ட்டில் பிரிந்து பிக்கரிங், மால்டன், அது 1965இல். மேற்கே எஸ்க் பள்ளத்தாக்கு வழியே மிடில்ஸ்பரோ. இது ஒன்றுதான் அரசு ரயிலாக மிஞ்சியது. மலைச்சாலைகள் குறுகலானவை, பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த ரயிலைவிட்டால் வழியில்லை என்ற வாதம்தான் அதைக் காப்பாற்றியது.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோது கையில் காய்கறிப் பையோடு ஒரு வயதான அம்மாள் பக்கத்தில் வந்து நின்றார். ஸ்கார்பரோ கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்தினார். சிறுமியாக இருந்தபோது அப்பா தன்னை அந்தப் பாதையின் கடைசி நாட்களில் கூட்டிப்போனதாகவும், ரேவன்ஸ்கார் மேட்டில் இஞ்சின் சக்கரம் வழுக்கி வழுக்கி ஏறியதாகவும் சொன்னார். விரல் ராபின் ஹூட்ஸ் பேயில் சற்று நின்றது. அந்த இடத்தில் டைல்ஸின் பளபளப்பு கொஞ்சம் தேய்ந்திருந்தது. இதே இடத்தில் விரல் வைத்தவர்கள் நிறையப் பேர் இருக்க வேண்டும்.

பிக்கரிங் பாதைக்கு மட்டும் வேறு கதி. 1836இல் ஜார்ஜ் ஸ்டீபன்சன் போட்டது. அப்போது அதில் பெட்டியை இழுத்தவை குதிரைகள். ஹட்சன் வாங்கி நீராவிக்கு மாற்றினார். 1965இல் மூடியதும் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து நன்கொடை திரட்டி, க்ராஸ்மான்ட்டிலிருந்து பிக்கரிங்வரை 1973இல் மறுபடி ஓட்டத் தொடங்கினார்கள். இன்றும் நீராவி இஞ்சின் ஓடுகிறது. டிக்கெட் கிழிப்பவர் முதல் கைகாட்டி இறக்குபவர் வரை பெரும்பாலோர் சம்பளமில்லாத் தொண்டர்கள். ஆண்ட்ரூஸ் பிக்கரிங் நிலையத்துக்குப் போட்ட கூரையை 1952இல் கழற்றிவிட்டிருந்தார்கள். அதை அதே வடிவில் புதிதாகச் செய்து 2011இல் ஏற்றினார்கள். விட்பியில் இழந்ததை அங்கே பார்க்கலாம். அந்தப் பாதையின் கோத்லாண்ட் நிலையம்தான் முதல் ஹாரி பாட்டர் படத்தில் ஹாக்ஸ்மீட் ஆக வருவது. பிள்ளைகளோடு போகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். இன்னொரு கதைத் தொடர்பும் விட்பிக்கு உண்டு. பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா நாவலில், மண் நிரப்பிய பெட்டிகள் இந்த ஊரிலிருந்து சரக்கு ரயிலில்தான் கிங்ஸ் கிராஸ் போய்ச் சேருகின்றன.

மிடில்ஸ்பரோ போகும் ரயில் இரண்டே பெட்டி. எஸ்க் ஆற்றைத் திரும்பத் திரும்பத் தாண்டுகிறது. பேட்டர்ஸ்பி என்ற இடத்தில் ரயில் நிற்க, டிரைவர் இறங்கி மறுமுனைக்கு நடந்துபோய் ஏறிக்கொள்கிறார். வந்த பக்கமே திரும்பிப் போகிறோமோ என்று புதியவர்கள் முழிப்பார்கள். ஒரு காலத்தில் இது சந்திப்பு நிலையம். நேரே மேற்காக ஒரு பாதை போயிற்று. மலைமேல் ரோஸ்டேல் இரும்புச் சுரங்கத்துக்கு இன்னொன்று, ஐந்தடிக்கு ஓரடி உயரும் சரிவில் வண்டிகளைக் கம்பிவடத்தால் ஏற்றி இறக்கியது. இரண்டும் போய்விட்டன. மிஞ்சிய இரண்டு கிளைகளும் ஒரே பக்கம் சேர்வதால் இன்றும் ரயில் இங்கே வந்து திரும்பித்தான் ஆக வேண்டும். டைல்ஸ் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு மட்டும் இந்த நிறுத்தத்தின் காரணம் விளங்கும்.

மிடில்ஸ்பரோ ரயில் பெற்ற ஊர். 1801இல் அங்கே இருந்தவர்கள் 25 பேர். 1830இல் ஸ்டாக்டன் டார்லிங்டன் ரயில் பாதையை நிலக்கரி ஏற்றுமதிக்காக இங்கே நீட்டினார்கள். பக்கத்து ஈஸ்டன் குன்றுகளில் 1850இல் இரும்புத் தாது கிடைத்தது. அதன்பின் ஊர் பெருகியதற்குக் கணக்கில்லை. 1877இல் கட்டிய நிலையம் கோதிக் பாணி. முன்கூடத்தின் மரக்கூரை தேவாலயத்தை நினைவூட்டும். ஆனால் நடைமேடைக்குப் போனால் வானம் தெரிகிறது. 1942 ஆகஸ்ட் 3 அன்று பட்டப்பகலில் ஒற்றை ஜெர்மன் விமானம் போட்ட குண்டுகள் பெரிய இரும்புக் கூரையை நொறுக்கின. யார்க்கைப் போல இங்கே அதை மீண்டும் எழுப்பவில்லை. சிட்னி துறைமுகப் பாலத்தையும் நியூகாசலின் டைன் பாலத்தையும் கட்டிய டார்மன் லாங் கம்பெனியின் ஊர் இது. உலகத்துக்கெல்லாம் இரும்பு வளைவு செய்து அனுப்பிய ஊரின் நிலையத்துக்கு வளைவு இல்லை.

இங்கிருந்து டார்லிங்டன் போகும் ரயில் முதலில் நிற்பது தார்னபி. யாரும் சுற்றிப் பார்க்க இறங்கும் ஊர் அல்ல. நான் இறங்கினேன். நம் பாம்பன் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட நடுவில் இரண்டாகப் பிரிந்து தூக்கும் ஷெர்ஸர் பகுதியைச் செய்தது இந்த ஊரின் ஹெட் ரைட்சன் கம்பெனி. டீஸ் ஆற்றங்கரையில் இருந்த அதன் இரும்புப் பட்டறையில் உருவானது, 1914இல் பாம்பன் நீரிணைக்கு மேல் நின்றது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, பாலத்தின் மற்றப் பகுதிகள் கடலுக்குள் அடித்துப்போனபோதும் அந்த ஷெர்ஸர் பகுதி அசையவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ராமேஸ்வரம் ரயிலைச் சுமந்துவிட்டு 2022 டிசம்பரில்தான் ஓய்வு பெற்றது; புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. தார்னபியின் பட்டறை அதற்கு முன்பே போய்விட்டது. 1987இல் பிரதமர் தாட்சர் கைப்பையோடு தனியே நடந்துபோன அந்தப் புகழ்பெற்ற புகைப்படத்தின் பாழ்நிலம் இந்தப் பட்டறை இருந்த இடம்தான். இப்போது அலுவலகங்களும் கல்லூரிக் கட்டடங்களும். பாம்பனைப் பற்றி ஒரு பலகை இருக்குமா என்று ஆற்றோரமாக நடந்து தேடினேன். என் கண்ணில் ஒன்றும் படவில்லை. ஒன்று வைக்க வேண்டும். கடல் உப்பில் அத்தனை காலம் நின்ற வேலை அது.

சால்ட்பர்ன் இதே பாதையின் கடற்கரை முனை. ஹென்றி பீஸ் என்பவர் 1860களில் உருவாக்கிய விடுமுறை ஊர். ஜெட்லாண்ட் ஓட்டலின் வாசல்வரைக்கும் தண்டவாளம் போட்டு, பயணிகள் பெட்டியிலிருந்து இறங்கினால் ஓட்டலுக்குள் நுழையும்படி வைத்திருந்தார்கள். ஓட்டல் இப்போது குடியிருப்பு. சுவர்ப் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினேன்.

டார்லிங்டனில் இரண்டு வரலாறு உண்டு. ஊருக்கு வடக்கே 1842இன் நார்த் ரோடு நிலையம், இப்போது அருங்காட்சியகத்தின் பகுதி. 1825 செப்டம்பர் 27 அன்று ஷில்டனிலிருந்து கிளம்பிய லோகோமோஷன் இஞ்சின் டார்லிங்டன் வழியே ஸ்டாக்டன் போன அந்தப் பாதை அதை ஒட்டித்தான் செல்கிறது. நாம் இறங்குவது பேங்க் டாப் நிலையத்தில். வில்லியம் பெல் வரைந்தது, 1887. ப்ராசருக்கும் மற்றவர்களுக்கும் பின் கம்பெனியின் கட்டடக் கலைஞராக வந்து 1914வரை இருந்தவர் பெல். மூன்று வளைவுக் கூரை, வரிசையான வார்ப்பிரும்புத் தூண்கள், தூண்தோள்களில் வேலைப்பாடு. பத்து ஆண்டு முன் கட்டிய யார்க்கைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு ஜாடை உடனே பிடிபடும். உருவம் சிறிது, கூரை சற்றே தணிவு, ஆனால் அதே கை.

அந்தக் கை எங்கே பயின்றது என்பது நியூகாசலில் தெரிந்தது. டரம் நகரத்தின் தேவாலயத்தையும் கோட்டையையும் பாலத்தின் மேலிருந்து சில நொடிகள் காட்டிவிட்டு, டைன் ஆற்றைத் தாண்டி ரயில் நுழையும் நியூகாசல் சென்ட்ரல் 1850 ஆகஸ்டில் விக்டோரியா மகாராணி திறந்தது. வரைந்தவர் ஜான் டாப்சன். இங்கும் வளைவு. ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டிய ஹை லெவல் பாலத்தில் ஆற்றைக் கடந்து வரும் பாதை கரையோரமாகத் திரும்பியாக வேண்டும். 60 அடி அகலத்தில் மூன்று கூரைகள், மூன்றும் சேர்ந்து வளைகின்றன. இந்த அளவில் வளைந்த ரயில் கூடம் அதற்கு முன் எங்கும் எழுந்ததில்லை. வளைந்த விலாக்களுக்கு அதுவரை நேர்த்தகட்டை வெட்டித்தான் வடிவம் கொண்டுவந்தார்கள். இரும்பு நிறைய வீணாகும். டாப்சன், சாய்வாகக் கடைந்த உருளைகளுக்கிடையே விட்டு, இரும்பை வளைவாகவே உருட்டி எடுக்கச் செய்தார். 27 ஆண்டு கழித்து யார்க்கில் எழுந்த பெரிய வளைவுக்கு மூத்தது இதுதான்.

டாப்சன் முகப்புக்கு இன்னும் பிரம்மாண்டமான திட்டம் வைத்திருந்தார். ஹட்சன் சரிந்த அதே வேளையில் பணம் முடங்கியது, திட்டம் சுருங்கியது. முகப்பு மண்டபத்தை 1863இல் எளிமையாக்கி முடித்தவர் ப்ராசர். யார்க் வளைவை வரைந்த அதே ப்ராசர். இந்த வட்டாரத்தின் எந்த நிலையத்தைத் தோண்டினாலும் ஹட்சனின் செல்வமோ வீழ்ச்சியோ கிடைக்கிறது. நிலையத்துக்குள் சென்டூரியன் என்ற மதுக்கூடம் இருக்கிறது. முதல் வகுப்புப் பயணிகளுக்காக 1893இல் பெல் அமைத்த உணவு அறை. சுவரெங்கும் கூரை முட்ட பீங்கான் டைல்ஸ். குடிக்காதவர்களும் உள்ளே போய்ப் பார்க்கலாம், யாரும் தடுப்பதில்லை. நிலையத்துக்குப் பின்புறம் சவுத் ஸ்ட்ரீட்டில், 1823இல் தொடங்கிய ஸ்டீபன்சன் பட்டறையில்தான் லோகோமோஷனும் பிறகு ராக்கெட் இஞ்சினும் உருவாயின.

நியூகாசலிலிருந்து மெட்ரோவில் டைன்மவுத். 1904இலேயே நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே இந்தக் கடலோர வளையத்தில் மின்சார ரயில் ஓட்டியது. 1967இல் அதை எடுத்துவிட்டு டீசல் கொண்டுவந்தார்கள். 1980இல் மெட்ரோவுக்காக மறுபடியும் மின்கம்பி இழுத்தார்கள். டைன்மவுத் நிலையம் பெல்லுடையது, 1882. யார்க்கின் கம்பீரம் இதில் இல்லை. விரிந்த நடைமேடைகளின் மேல் கண்ணாடிக் கூரைகள், அடுத்தடுத்து நிற்கும் மெலிந்த இரும்புத் தூண்கள், அவற்றின் தலையில் சுருள்சுருளான பூவேலை. ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரைக் கூட்டத்துக்காக இவ்வளவு அகலம். 1980களில் கண்ணாடி உதிர்ந்து, இரும்பு துருவேறி, இடிக்கும் நிலைக்கு வந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை, 2012இல் முழுமையாகச் செப்பனிட்டு முடித்தார்கள். இப்போது சனி, ஞாயிறுகளில் நடைமேடை நெடுகச் சந்தை. பழைய புத்தகம், தேன், கம்பளி, மரச்சாமான். சந்தையின் நெரிசலுக்கு நடுவே மெட்ரோ வந்து நிற்கிறது. ஆட்கள் இறங்கி நேரே கடைக்குப் போகிறார்கள். பயணிகளுக்காகக் கட்டிய அகலம் வீணாகாமல் நிறைந்திருக்கிறது. நான் பார்த்த புனரமைப்புகளில் இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன். அங்கே ரயிலும் நிற்கவில்லை, மக்களும் விலகவில்லை.

சந்தைக் கடைகளைத் தாண்டிச் சுவர்ப் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். வழியில் பார்த்த அதே படம், அதே கறுப்புக் கோடுகள். பெவர்லிக்கு அருகிலிருந்து வடக்கு ஃப்ரோடிங்கம் என்ற கிராமத்தை நோக்கி அதில் ஒரு சிறு கோடு இருக்கிறது. அனுமதி கிடைத்து, திட்டம் போட்டு, கடைசிவரை கட்டாமல் விட்ட பாதை அது. கட்டிவிடுவோம் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே டைல்ஸில் சுட்டுவிட்டார்கள். அந்தக் கிராமத்துக்கு ரயில் ஒருநாளும் போனதில்லை.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். யார்க்கில் ஒரு முழுநாள் வையுங்கள். நிலையத்துக்கு அருகிலேயே தேசிய ரயில் அருங்காட்சியகம், 1938இல் மணிக்கு 126 மைல் ஓடி நீராவி இஞ்சினின் உலகச் சாதனை படைத்த மல்லார்ட் அங்கேதான் நிற்கிறது. ஸ்கார்பரோவிலிருந்து விட்பிக்குப் பேருந்துதான். நடக்கத் தெம்புள்ளவர்கள் பழைய பாதையில் ராபின் ஹூட்ஸ் பேயிலிருந்தாவது நடந்து பாருங்கள். விட்பிக்கும் மிடில்ஸ்பரோவுக்கும் இடையே ஒரு நாளைக்குச் சில ரயில்களே ஓடுகின்றன, ஒன்றைத் தவறவிட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நேரத்தை முதலில் அதற்குப் பார்த்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். டைன்மவுத்துக்கு வார இறுதியில் போங்கள்.